சிரட்டை, தங்கூசி, புளியங்கொட்டை: வீட்டில் எல்லோரும் சேர்ந்து கற்கும் விளையாட்டுகள்

பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் உறவினரும் அயலவரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கைத்தொலைபேசியில் எந்தச் செயலியை இறக்கிக் கொடுத்தால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிப்பார்கள் என்று கேட்கிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமாக எழுகிறது. காலையில் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள் என்று நாள் கழியும்போது, எஞ்சியிருக்கும் கொஞ்ச நேர விளையாட்டாவது பயனுள்ளதாக இருக்கவேண்டும் என்று பெற்றோர் எண்ணுவதில் வியப்பில்லை.

எந்தப் பெயரையும் சொல்வதற்கு முன்னர் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு. அந்த விளையாட்டைப் பிள்ளை தனியே ஆடி முடித்துவிட முடியுமா, இல்லை, எதிரே இன்னொருவர் இருக்கவேண்டுமா? இன்னொருவர் வேண்டும் என்றால் அது வீட்டுக்கு ஏற்ற விளையாட்டு என்பது என் உறுதியான எண்ணம். தான் எண்ணியதை எதிரில் இருப்பவருக்கு வாயால் விளக்கவேண்டி வரும்போதுதான் கணக்கு எங்கே பிசகியது என்று பிள்ளைக்கே தெரியவருகிறது. திரையில் சரியான விடையைத் தொட்டவுடன் நட்சத்திரம் கொட்டும் செயலிகள் இந்த வேலையைச் செய்வதில்லை. விடை தவறினால் அடுத்த தடவை வேறொன்றைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தையே அவை வளர்க்கின்றன. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகிறது.

எங்கள் வீட்டில் அதிகம் ஆடப்படுவது பல்லாங்குழி. பலகை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை மணலில் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழிகளைக் கையால் தோண்டிக்கொள்ளலாம். குழிக்கு ஐந்து வீதம் எழுபது புளியங்கொட்டைகள் போதும். சோகியும் நல்லது. குன்றிமணியை மட்டும் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். பார்வைக்கு அழகாக இருந்தாலும் அந்த விதை கடுமையான நஞ்சு.

ஆட்டம் எளிது. ஒரு குழியில் உள்ளவற்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகவேண்டும். கையில் இருப்பது முடிந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதைத் தனதாக்கிக்கொள்ளலாம். என் தாயார் பேத்திக்கு எதிரே அமர்ந்து இதை ஆடும்போது வாயைத் திறந்து எதையும் கற்பிப்பதில்லை. “எங்க போய் முடியும் எண்டு சொல்லிப்போட்டு அள்ளு மனே” என்பதோடு சரி. அந்த ஒரு நிபந்தனைதான் ஆட்டத்தைக் கணக்காக மாற்றுகிறது.

அள்ளுவதற்கு முன்னரே முடிவைச் சொல்லவேண்டும் என்பதால், என் மகள் குழிகளுக்கு இலக்கமிட்டு ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாள். எல்லாக் குழிகளிலும் ஐந்து இருக்கும் முதல் ஆட்டத்தில், எந்தக் குழியை அள்ளித் தொடங்கினாலும் சரியாக ஐந்து முறை அள்ளியபின் வெறுங்குழி வரும் என்றும், அப்போது கிடைப்பது எப்போதும் ஏழுதான் என்றும் அவள் கண்டுபிடித்தாள். குழிக்கு ஆறு வீதம் போட்டால் என்னவாகும் என்பது அடுத்த கேள்வியாயிற்று. அப்போதும் கிடைப்பது ஏழுதான். ஆனால் இரண்டே முறை அள்ளுவதுடன் ஆட்டம் நின்றுவிடுகிறது. காரணத்தைத் தேடும்போதுதான் உண்மையான கணிதம் வந்தது. ஆறு கொட்டைகளைப் போட்டு அடுத்த குழியை அள்ளினால் ஏழு குழி நகர்கிறோம்; மொத்தம் பதினான்கு குழிகள்; ஆகவே இரண்டாம் நகர்வில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம், அங்கேதான் நாம் முதலில் வெறுமையாக்கிய குழி இருக்கிறது. வகுத்தலையும் மடங்குகளையும் இதைவிடத் தெளிவாக விளக்கும் பயிற்சிப் புத்தகத்தை நான் கண்டதில்லை. ஏழு வீதம் போட்டால் என்ன நடக்கும் என்பதை வாசிப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுகிறேன்.

கற்களை எறிந்து பிடிக்கும் கொக்கான், காய் நகர்த்தி ஆடும் நாயும் புலியும், கோடுகளில் மறித்து ஆடும் கிளித்தட்டு ஆகியவையும் நான் சொன்ன நிபந்தனைக்குள் அடங்குபவையே. கிளித்தட்டுக்கு ஆட்கள் அதிகம் வேண்டும் என்பதால், உறவினர் கூடும் நாட்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இனித் தொழினுட்பத்துக்கு வருவோம். கைத்தொலைபேசியைப் பிள்ளையிடமிருந்து ஒளித்துவைக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அதனுள்ளே ஒலிவாங்கி, ஒளியுணரி, முடுக்கமானி, காந்தமானி என்று ஓர் ஆய்வுகூடமே அடங்கியிருக்கும்போது, அதைச் சின்னத் தொலைக்காட்சியாக மட்டும் பயன்படுத்துவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. ஜேர்மனியின் ஆகன் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘ஃபைஃபொக்ஸ்’ என்ற இலவசச் செயலி இந்த உணரிகளை அளவுகருவிகளாக மாற்றித் தருகிறது. விளம்பரம் இல்லை. பரிசோதனை நடக்கும்போது இணைய இணைப்பும் தேவையில்லை.

அதில் ஒலியைக் கேட்டு ஓடவும் நிற்கவும் கூடிய நிறுத்தற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. இரண்டு கைத்தொலைபேசிகளில் அதைத் திறந்து, நாடாவால் அளந்து சரியாக 10 மீற்றர் இடைவெளியில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சோடிச் சிரட்டையுடன் ஒருவர் நிற்கவேண்டும். முதலாமவர் சிரட்டையைத் தட்டியதும் அவரது கடிகாரம் உடனே ஓடத் தொடங்கும். மற்றையது ஒலி அங்கே போய்ச் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்கும். ஓரிரு செக்கன்கள் கழித்து இரண்டாமவர் தட்டும்போது அவரது கடிகாரம் உடனே நிற்கும். முதலாமவருடையது சற்றுப் பிந்தியே நிற்கும். ஆகவே இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி 20 மீற்றர் தூரத்தைக் கடக்க எடுத்த நேரம் ஆகும். எங்கள் ஊரின் முப்பது பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் வேகத்தில் செல்லும் என்பதால், அந்த வித்தியாசம் 0.057 செக்கனுக்குக் கிட்டவாக வரவேண்டும்.

கையால் தட்டுவதைவிடச் சிரட்டை நல்லது. அதன் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது. கடற்கரையில் இதைச் செய்யவேண்டாம், அலையின் இரைச்சலிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். காற்றில்லாத காலை நேரத்தில் அமைதியான வளவோ கோயில் வீதியோ பொருத்தமானது. இரைச்சல் இருந்தால் செயலியில் உள்ள தொடக்க ஒலிமட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். ஒருமுறை அளப்பதோடு நிற்காமல் பலமுறை அளந்து சராசரி எடுக்கவேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள், ஏனென்றால் இரண்டு தடவை ஒரே விடை வராது. இதைச் செய்துபார்த்த பிள்ளைக்கு, ஐப்பசி மாதத்துப் பின்னேரங்களில் மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடைப்பட்ட செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால் இடி எத்தனை கிலோமீற்றர் தொலைவில் விழுந்தது என்று ஏன் சொல்லமுடிகிறது என்பது விளங்கிவிடும். எண்ணுவது வீட்டுக்குள் இருந்துகொண்டுதான்.

அதே செயலி ஒரு தனிச் சுரத்தின் அதிர்வெண்ணையும் காட்டும். மீன்பிடிக்குப் பாவிக்கும் தங்கூசி ஒரு முழம், ஒரு பலகை, இரண்டு ஆணி இவ்வளவும் இருந்தால் போதும். தங்கூசியை இழுத்துக் கட்டி மீட்டினால் ஓர் எண் வரும். சரிபாதியில் ஒரு குச்சியைச் செருகி மீட்டினால் அந்த எண் இரண்டு மடங்காகும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் ஒன்றரை மடங்காகும். முதலில் கேட்டதை ‘ச’ என்று கொண்டால், மூன்றாவது ‘ப’. சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளை இதைக் காதால் உடனே பிடித்துக்கொள்கிறது, போகாத பிள்ளை எண்ணைப் பார்த்துப் பிடிக்கிறது, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்றவர். அவர் பழந்தமிழரின் யாழைப் பற்றி ஆராய்ந்தபோது நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள இந்த விகிதங்களைத்தான் கணக்கிட்டார். அவருடைய சமாதி இருக்கும் கல்லடி உப்போடை எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். பிள்ளைகளை அங்கே கூட்டிச்செல்லும்போது துறவி, தமிழறிஞர் என்பதோடு நிறுத்திவிடாமல், தங்கூசியில் அவர்கள் அளந்ததை அளந்தவர் என்றும் சொல்கிறேன். அப்போது அவர்களுடைய முகத்தில் தெரியும் மாற்றம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

பாடும் மீனைப் பற்றிக் கேட்காத பிள்ளை மட்டக்களப்பில் இல்லை. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கல்லடிப் பாலத்துக்கு அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பது நம் முன்னோர் கண்ட முறை. 1950களில் லாங் என்ற இயேசு சபைத் துறவி அந்த ஒலியைப் பதிவுசெய்தார். ஒலியை எழுப்புவது மீனா, ஊரி என்னும் நீர்நத்தையா என்று இன்றும் விவாதம் இருக்கிறது. விடை முடிவாகாத கேள்வி ஒன்று நம் வாசலிலேயே இருப்பது பிள்ளைகளுக்குப் பெரும் பேறு. உயிர்காப்பு அங்கி அணிவித்து, வாவியை நன்கு அறிந்த தோணிக்காரருடன் மட்டுமே செல்லவேண்டும்; துடுப்பின் நுனியில் கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்துவந்து, வீட்டில் எல்லோரும் கூடி எது அலை, எது இயந்திரத் தோணி, எது அடையாளம் தெரியாத ஒலி என்று பிரித்துப் பார்க்கலாம்.

மாரி காலத்துக்கு மழைமானி. நேரான பக்கங்களைக் கொண்ட பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாக அதன் வாயிலேயே செருகவேண்டும். அடியில் உள்ள மேடு பள்ளம் அளவைக் கெடுத்துவிடும் என்பதால், கூழாங்கல் இட்டு ஒரு கோடு வரை நீர் நிரப்பி, அந்தக் கோட்டைப் பூச்சியமாகக் கொண்டு மில்லிமீற்றர் அடிமட்டத்தை ஒட்டவேண்டும். மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் வாசித்து எழுதவேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். ஆகவே 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் ஏக்கர் வயலில் ஒரு லட்சம் லீற்றருக்கு மேல் நீர் விழுகிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வேளாண்மை செய்யும் என் தம்பிக்குப் பிள்ளைகள் தொலைபேசியில் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். அவர் தன் வயலில் வரம்பு மட்டத்துக்கு நீர் நிற்கிறதா, வடிந்துவிட்டதா என்று பதில் சொல்வார். நாங்கள் இருக்கும் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் கொட்டிய மழை சில நாட்களில் வாவிக்கு அப்பால் தூறலோடு நின்றுவிடுவதை இப்படித்தான் அவர்கள் அறிந்தார்கள். மட்டக்களப்பில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையம் ஒன்று இருப்பதால், அது வெளியிடும் அளவோடு தங்கள் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வாசிப்புக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தைப் பரிந்துரைக்கிறேன். தமிழ்ச் சிறுவர் கதைகள் வாசிப்பு மட்டத்துக்கு ஏற்ப வகைப்படுத்தப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் போட்டோப் பிரதிக் கடையில் அச்சிட்டுத் தைத்துக்கொள்ளத் தடையில்லை. மகன் இப்படித் தைத்த புத்தகத்தைத் தன் அம்மம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறான். கணினி இருக்கும் வீட்டில் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஊடக ஆய்வுகூடம் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராச்’ என்ற நிரலாக்க மென்பொருள் நல்லது. கட்டளைக் கட்டைகளைப் பொருத்தித் தாமே விளையாட்டைச் செய்யலாம். இப்போது அக்காவும் தம்பியும் பல்லாங்குழியையே அதில் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். வெறுங்குழி வந்தால் நிற்கும்படி கணினிக்கு எப்படிச் சொல்வது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அதைக் கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பும் இருப்பதால், ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா செலவில்லாமல் பயன்படுத்தலாம்.