பிரிண்டர் புளிமா, கம்ப்யூட்டர் தேமாங்காய்

குன்னூரில் இருந்துகொண்டு ஊட்டி, கோத்தகிரி வரை அலுவலகக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. வெண்பா எழுதிப் பழகுவது பொழுதுபோக்கு. எங்களைப் போன்ற சர்வீஸ்காரர்கள் படும் பாட்டை நகைச்சுவை வெண்பாக்களாக எழுத முடியுமா என்று சில காலமாக முயன்று வருகிறேன். வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதற்கான குறிப்பு இது.

முதலில் புதுக்கவிதையாகத்தான் எழுதிப் பார்த்தேன். எல்லாம் புலம்பலாக வந்தது. வெண்பாவுக்கு மாறியதும் அதே சங்கதி சிரிப்பாகிவிட்டது. பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக ஒரு பெரியவர் எழுந்து நின்று, ‘மவுஸ் நகரவில்லை’ என்று அறிவித்தால் எப்படி இருக்கும், அப்படி.

விதி கடுமையானது. சொல்லை அசைகளாகப் பிரிக்க வேண்டும்: ‘பார்’ போல ஒற்றையாக நிற்பது நேர், ‘மலர்’ போலக் குறிலில் தொடங்கி இரண்டெழுத்து இணைவது நிரை; ஒற்றுக்குக் கணக்கில்லை. அசைகள் சேர்ந்தது சீர். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. தேமா, புளிமா எல்லாம் இவற்றுக்கான மாதிரிச் சொற்கள், அதாவது வாய்பாடுகள். மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். இந்தப் பிணைப்புக்குத்தான் தளை என்று பெயர். கடைசி அடியில் மூன்றே சீர். அதன் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். ஆகவே முதல் வேலையாக எங்கள் தொழில் சொற்களை அலகிட்டேன், அதாவது அசை பிரித்துப் பார்த்தேன். பிரிண்டர், புளிமா. ரவுட்டர், அதுவும் புளிமா. சர்வர், தேமா. கம்ப்யூட்டரும் மானிட்டரும் தேமாங்காய். கனிச்சீர் எதுவும் இல்லை என்று மகிழ்ந்திருந்தபோது ‘அச்சுப்பொறி’ வந்து நின்றது. ஒரே சீராக வைத்தால் தேமாங்கனி. வெண்பாவில் அதற்கு இடமில்லை. இரண்டாக வெட்டித்தான் உள்ளே விட்டேன்.

மூடுபனி உள்நுழைந்து மொத்தமாய்த் தாள்நனைக்க
ஓடுமோ அச்சுப் பொறி?

இது மலைக்காரர்களின் அன்றாடக் கதை. ஜன்னலைத் திறந்து வைத்தால் மஞ்சு நேராக மேசைக்கு வந்துவிடும். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். லேசர் பிரிண்டருக்குள் மையை உருக்கி ஒட்டும் உருளை ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் சுழல்கிறது. ஈரத் தாள் அதைத் தொட்டதும் நீர் ஆவியாகி, தாள் சுருண்டு, உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடும் வழக்கம் இங்கே உண்டு. தாள் கட்டையும் அந்த அலமாரியிலேயே வைக்கச் சொல்வேன். கேட்டவர்களுக்குத் தாள் சிக்குவதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைக் காட்டினேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “தளை தட்டவில்லை தம்பி. ஆனால் இதைச் சட்டம் போட்டுப் பிரிண்டர் மேல் மாட்டலாம், சிரிக்க முடியாது” என்றார். அவர் சொன்னது நியாயம். தாள் சிக்குவதில் என்ன சிரிப்பு இருக்கிறது? இயந்திரம் பாவம், சும்மா கெட்டுப்போகிறது. அதைப் பற்றி மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதன்பின் பழுதை விட்டுவிட்டு, போனில் கேட்ட வாக்கியங்களைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். இது ஒரு மேலாளர் பில்லைப் பார்த்துவிட்டுச் சொன்னது:

அணைத்துப்பின் போட்டால் அனைத்தும் சரியாம்;
பணத்தையேன் கேட்டாய் பகர்.

ஆசிரியர் சிரித்தார். பிறகு, “அவர் கேட்பதும் சரிதானே?” என்றார். அது எனக்கு வேண்டாத விமர்சனம்.

வெண்பா எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எந்த அலுவலகத்திலும் அதிகம் கேட்பது ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’. இதை வெண்பாவுக்குள் கொண்டுவர எத்தனையோ விதமாக முட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. பாஸ்வேர்டு என்பது காய்ச்சீர். அடுத்து நேரசை வர வேண்டும். ‘மறந்து’ நிரையில் தொடங்குகிறது. ‘தொலைந்து’ போட்டாலும் அதே கதை. ‘காணோம்’ என்றதும் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது, போனில் யாரும் ‘மறந்துவிட்டேன்’ என்று சொல்வதே இல்லை. ‘சார், பாஸ்வேர்டைக் காணோம்’ என்றுதான் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப் போய்விட்ட மாதிரி.

பாஸ்வேர்டைக் காணோமாம், பாருங்கள்! மேசைக்கு
வாஸ்து சரியில்லை என்று.

‘பாஸ்’ என்பதற்கு எதுகை தேடிப் போய் ‘வாஸ்து’ கிடைத்தது. கருத்து அதன் பின்னால் தானாக வந்தது. மரபுக் கவிதையில் பாதி அறிவு எதுகையுடையது என்பது என் எண்ணம்.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்கள் நல்ல விளைநிலம். அங்கே ஒரு கணினியின் கேபினெட்டைத் திறந்தபோது, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கம்பளி போல ஏதோ படிந்திருந்தது. தூரிகையால் நெருடினால் பாளம் பாளமாக வந்தது. எல்லாம் தேயிலைத் தூசி. முகர்ந்தால் வாசனைகூட இருந்தது. விசிறி சுழல முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் என்னைக் கூப்பிட்டது அதற்காக அல்ல. எந்த இணையதளமும் திறக்கவில்லை என்பதற்காக. கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சிஆர்2032 என்பார்கள்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரிலேயே அளவு இருக்கிறது. 3 வோல்ட். இது செத்துவிட்டால் மின்சாரம் போகும்போதெல்லாம் கணினிக்குத் தேதி மறந்துவிடும். பல கணினிகள் தாங்கள் செய்யப்பட்ட காலத்துக்கே திரும்பிப் போய் நிற்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்கு இன்னும் பிறந்திருக்காது. ஆகவே எதையும் திறக்காது.

ஆண்டை மறந்த அலுவலகப் பெட்டிக்கு
மீண்டும் பிறந்தநாள் பார்.

இதில் எனக்குத் திருப்தி உண்டு. அந்த அலுவலகக் கணக்கரிடம் சொன்னபோது, “எனக்கும் அந்த பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஓய்வு பெற இன்னும் நாளிருக்கட்டும்” என்றார். என் வெண்பாவைவிட அது நன்றாக இருந்தது.

இரண்டடி வெண்பாவான குறளில் கை பழகியதும் நான்கடி நேரிசை வெண்பாவுக்குப் போனேன். இரண்டாம் அடியின் முடிவில் அதே எதுகையில் ஒரு தனிச்சொல் வர வேண்டும், அதில்தான் திணறல். ‘கூத்திதுகேள்’ என்று ஒன்று வைத்திருந்தேன், சுவையாகத்தான் இருந்தது. காய்ச்சீர் என்பதால் அடுத்த அடியின் ‘பிளக்’கோடு மோதியது. ‘மூத்தோர்’ வந்து காப்பாற்றினார். வாக்கியத்துக்கு எழுவாயும் கிடைத்தது.

கோத்தகிரி ஏறிக் குளிரில் நனைந்துபோய்ப்
பார்த்தால் பழுதில்லை பாவமது – மூத்தோர்
பிளக்கைச் செருகாமல் பெட்டியைத் தட்டி
விளக்கெரிய வில்லையென் றார்.

ஆசிரியருக்கு இதில் ஒரே ஆட்சேபம். “குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையே, எங்கே ஏறினாய்?” பஸ்ஸில் ஏறினேன் ஐயா என்றேன். நனைந்ததற்குச் சாட்சி தேவையில்லை. இந்தப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்யும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த மழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும், சாலையும் அடைபடும். தாமதத்துக்கு அது நியாயமான காரணம் என்பதால் கோவையில் உட்கார்ந்து புகார்களைப் பதிவுசெய்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் படிவத்தில் எழுதினால் போன் போட்டு விசாரிப்பார்கள்:

காட்டெருமை பாதையில் காவல்நிற் கின்றதென்றால்
கேட்டவர் நம்புவா ரோ?

இப்போது அந்தாதியில் இறங்கியிருக்கிறேன். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். சரிசெய்துவிட்டு வாசலைத் தாண்டுவதற்குள் அதே மேசையிலிருந்து அடுத்த புகார் வருகிற தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. மேலாளரின் குறள் ‘பகர்’ என்று முடிந்ததல்லவா, சர்வீஸ்காரரின் பதில் அங்கிருந்து தொடங்குகிறது:

பகர்வேன்: மலையேறிப் பஸ்ஸில் வரவே
நகரும் பொழுதுக்கே காசு.

‘காசு’ என்னும் வாய்பாட்டில் முடிய வேண்டிய வெண்பா காசு என்றே முடிந்ததில் ஆசிரியருக்கும் மகிழ்ச்சி. அடுத்த குறள் ‘காசு’ என்று தொடங்க வேண்டும், இரண்டாம் சீர் நிரையில். ‘காசு வருமென்று’ என்பது வரை வந்து நிற்கிறது. அந்த மேலாளரின் அலுவலகம் பழைய பில்லுக்கு இன்னும் தொகை அனுப்பவில்லை. அது தெரிந்தால்தான் மீதியை எழுத முடியும்.