விதைநெல் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றிய கதை

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். மாமாவும் அவருக்குத் தெரிந்த விவசாயிகளும் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி எல்லாம் விதைக்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள். யாரிடம் எது எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலைத் தளமாகப் போட்டு நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பா நாற்றங்கால் விடும் சமயத்தில் விதை கேட்டு நிறைய மெயில் வரும்.

படங்கள் ஏற ஏறப் பழைய ஹோஸ்டிங்கில் தளம் திறக்கவே நேரம் எடுத்தது. தளத்தை மட்டும் புது சர்வருக்குக் கொண்டுபோவோம், மெயில் பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டொமைன், அதாவது தளத்தின் பெயரை வாங்கிய இடத்தில் நுழைந்து, அந்தப் பெயர் எந்த சர்வரின் ஐபி முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏ ரெக்கார்டைத் தேடினேன். அங்கே ஒரு டிஎன்எஸ் பக்கம் இருந்தது. பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். சோதனைக்கு ஒரு சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் சேரும் துணைப்பெயர்) போட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரமாகியும் எழுந்து வரவில்லை. இந்த ரெக்கார்டுகளை வைத்துக்கொண்டு பதில் சொல்லும் நேம்சர்வர் எது என்று என்எஸ்லுக்கப் கமாண்டில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நேம்சர்வர் பழைய ஹோஸ்டிங்கைக் காட்டுகிறது. அப்படியானால் அந்த ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலில் இருக்கும் ஸோன் எடிட்டரில் எழுதுவதுதான் செல்லும். வேறு எங்கே எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை. எதையும் தொடுவதற்கு முன் நேம்சர்வர் எது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டிடிஎல், ஒரு ரெக்கார்டின் பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. பேனலில் 14400 என்று இருந்தது. விநாடிக் கணக்கு, அதாவது நான்கு மணி நேரம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள், அதற்கப்புறம் வெண்ணாறு, பாமணியாறு என்று இறங்கிக் கடைமடைக்குப் போக இன்னும் எத்தனையோ நாள். புது ஐபி முகவரியும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேரும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது தவறு. இங்கே யாரும் எதையும் திறந்துவிடுவதில்லை. இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியில் நமக்காக முகவரி கேட்டு வாங்கித் தரும் ரிசால்வர் ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை டிடிஎல் முடியும்வரை கையில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தபோதே இந்த ஏற்பாடு அதில் உண்டு. அதனால் டிடிஎல்லைக் குறைப்பதென்றால் மாற்றத்துக்கு முன்பே குறைக்க வேண்டும். ஏ ரெக்கார்டில் 300, அதாவது ஐந்து நிமிஷம் என்று போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

சனி காலை ஆறு மணிக்குப் புது ஐபியைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் என் மொபைலில் புது சர்வர் வந்துவிட்டது. டபிள்யூடபிள்யூடபிள்யூ ஏற்கெனவே முதன்மைப் பெயருக்கு சி-நேமாக (CNAME, இன்னொரு பெயரைக் காட்டும் மாற்றுப்பெயர்) இருந்ததால் தானாகவே கூட வந்தது. தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழும் உடனே கிடைத்தது. மனசு நிறைந்துபோனது.

பதினொன்றரைக்கு மாமா கூப்பிட்டார். “தம்பி, வேதாரண்யத்துலேருந்து ஒருத்தர் விதை கேட்டு மெயில் போட்டாராம், திரும்பி வந்துடுச்சாங்குறார். என்னன்னு பாரு.”

மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் திறந்தேன். அது நம் டொமைன் பெயரையேதான் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெயருக்கு ஐபி மாறியதும் மெயிலும் புது சர்வரின் வாசலுக்குப் போய்விட்டது. அங்கே அந்த மெயில்பெட்டியே கிடையாது. எம்எக்ஸில் நேரடியாக ஐபி போட முடியாது, ஒரு பெயர்தான் போட வேண்டும். அந்தப் பெயர் சி-நேமாகவும் இருக்கக் கூடாது. எங்கள் பேனலில் ‘மெயில்’ என்ற பெயர் முதன்மைப் பெயருக்கு சி-நேமாக இருந்தது. அதை அழித்து, பழைய ஐபியோடு ஏ ரெக்கார்டாகப் போட்டு, எம்எக்ஸை அந்தப் பெயருக்குத் திருப்பினேன். நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியில் பழைய ஐபி ஏற்கெனவே இருந்ததால் அதைத் தொடவில்லை.

“மாமா, இப்ப திரும்ப அனுப்பச் சொல்லுங்க” என்றேன். ஒரு மணிக்கு அனுப்பினார், மறுபடியும் திரும்பிவிட்டது. நான் 300 ஆக்கியது ஏ ரெக்கார்டை மட்டும்தான், எம்எக்ஸ் 14400லேயே இருந்திருக்கிறது. பழைய பதில் அவர் பக்கத்து மெயில் சர்வரின் கையில் இன்னும் இருந்தது. அது முடியும்வரை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. விதை கேட்டு எழுதியவரை இப்படிக் காக்க வைத்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. எல்லா ரெக்கார்டுக்கும் சேர்த்தே முந்தின நாள் டிடிஎல்லைக் குறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு மெயில் வந்தது. தூயமல்லி பத்து கிலோ வேண்டுமாம். மாமாவுக்கு அனுப்பிவிட்டு, ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை மறுபடி 14400 ஆக்கினேன்.