முந்திக்கொண்ட செய்தி

காலை பதினொன்றரை மணி இருக்கும். கரும்பலகையில் 'பட்டம்' என்று எழுதியிருந்தேன். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து நின்று அதை ஒரே மூச்சில் படித்துவிட்டான். படித்துவிட்டு அவனே திடுக்கிட்டுப்போய் என்னைப் பார்த்தான். மதியம் வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. அவன் அம்மாவுக்கு உடனே வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினேன், நான்கு ஆச்சரியக்குறிகளோடு.

மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "ஏன் டீச்சர் சொன்னீங்க? நான் சொல்லலாம்னு ஓடினேன். அம்மா 'தெரியும்டா'ன்னுட்டாங்க."

அந்தத் 'தெரியும்டா' என்னைப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. பெற்றோருக்கு எவ்வளவு சொல்கிறோமோ அவ்வளவு நல்ல ஆசிரியர் என்று நம்பியிருந்த காலம் அது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளிக்கிழமை தோறும் ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதுவேன். 'இவ்வாரம் ஒலிப்பு வேறுபாடுகளை உணரும் திறனில் கவனம் செலுத்தினோம்' என்றெல்லாம் வரும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, யாருக்காக அந்தத் தமிழ்? கடிதங்கள் பைகளின் அடியில், தண்ணீர் பாட்டில் கசிந்து ஊறி, மாதக் கடைசியில் உருண்டையாகக் கிடைக்கும். பிறகு வாட்ஸ்அப் குழு வந்தது. கடிதத்தை விட்டுவிட்டுப் படங்களுக்குத் தாவினேன். எட்டுப் பிள்ளைகள் இருக்கும் படத்தைப் போட்டால், அதில் இல்லாத பிள்ளைகளின் வீட்டிலிருந்து "எங்க பாப்பா எங்கே?" என்று கேள்வி வரும். எல்லாரும் தெரிகிற மாதிரி எடுத்தால் யாருமே தெரியமாட்டார்கள். தங்கள் பிள்ளையின் படமே வேண்டாம் என்ற பெற்றோரும் இருந்தார்கள், அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதைக்கூடத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். இதில் இன்னொரு சங்கடம், படம் எடுக்கிற நேரம் முழுக்க நான் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் சொல்லியே ஆகவேண்டியவை சில உண்டு. அதில் முதலாவது, நாங்கள் ஏன் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது. நான் எழுத்துகளை அ, ஆ வரிசையில் தொடங்குவதில்லை. ட, ப, ம தான் முதலில். கோடுகளாலான ட, ப இரண்டும் பிஞ்சுக் கைக்குச் சுலபமாக வரும். சுழித்து வளைக்க வேண்டிய அ அந்தக் கையைப் படாதபாடு படுத்தும். மூன்று எழுத்தோடு புள்ளியையும் காட்டிவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களே படிக்கலாம். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு முதல் சொல் எப்போது கிடைக்கும்? இதை நான் சொல்லாமல் விட்ட ஒரு வருடம், மூன்றாவது வாரத்தில் ஒரு அப்பா வந்து நின்றார். "இன்னும் அ, ஆ கூட ஆரம்பிக்கலையா டீச்சர்?" அவர் மேல் தப்பில்லை. நோட்டில் ட, ட, ட என்று மட்டும் இருந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

கணக்கிலும் இதே கதை. 8+5 என்றால் வீட்டில் எட்டு விரலை விரித்துவிட்டு ஐந்து விரலுக்குத் தேடச் சொல்வார்கள். வகுப்பில் நாங்கள் ஐந்தை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து, இரண்டை எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மிச்ச மூன்றைக் கூட்டி 13 என்போம். இரண்டும் சரியான வழிதான். ஆனால் சாயங்காலம் அம்மா ஒன்று சொல்ல, காலையில் டீச்சர் வேறொன்று சொன்னதாகப் பிள்ளை அழுதால், அந்த அழுகைக்குக் காரணம் நான் எழுதாமல் விட்ட மூன்று வரி. 3 என்ற எண்ணைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது இந்த வயதில் சகஜம், பெரும்பாலும் தானாகச் சரியாகும் என்பதையும் வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அடி விழாமல் தப்பிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாமலே போகட்டும்.

அந்தப் பையனுக்குப் பிறகு எனக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பிள்ளை தானே வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடிய செய்தி பிள்ளையுடையது. அதால் சுமக்க முடியாதது என்னுடையது. கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறது, இரண்டு நாளாகத் தனியாகவே உட்கார்ந்திருக்கிறது, இவற்றை ஆறு வயதுப் பிள்ளை சொல்லாது. விழுந்து தலையில் அடிபட்டால் பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்கவே கூடாது, அந்த நிமிடமே போன். குறை சொல்ல வேண்டியதை எழுதுவதில்லை, பேசுகிறேன். எழுத்தில் என் குரல் இருப்பதில்லை; 'கொஞ்சம் கவனம் சிதறுகிறது' என்று நான் எழுதியதை ஒரு அம்மா இரவு முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கண் சிவக்க வந்திருக்கிறார். அதனாலேயே பள்ளி திறந்த மூன்று வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல விஷயத்துக்காகப் பேசிவிடுகிறேன். என் எண்ணைப் பார்த்ததும் "என்ன பண்ணினான் டீச்சர்?" என்று பதறியவர்கள், "ஒண்ணும் பண்ணலை, இன்னிக்குப் பக்கத்துப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டான், அதான் கூப்பிட்டேன்" என்றால் சில நொடி பேசாமல் இருப்பார்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் குரல் பதிவு. அப்பா ஒரு வீடு, அம்மா ஒரு வீடு என்றால், தடை ஏதும் இல்லாதபட்சத்தில், இருவருக்கும் தனித்தனியே.

மீதிக்கு தினமும் ஒரே ஒரு வரிதான். அதுவும் தகவலாக இராது, பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்கும். "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். ஒரு முழு நாளைச் சுருக்கிச் சொல்வது பெரியவர்களுக்கே கஷ்டம். பிடித்துத் தொங்க ஒரு கொக்கி வேண்டும். 'யாருடைய பென்சிலைத் தேடினீர்கள், எங்கே கிடைத்தது?' என்று ஒரு நாள். 'பத்துக்கு எத்தனை ஜோடி கண்டுபிடித்தாய்?' என்று இன்னொரு நாள். விடையை மட்டும் நான் எழுதுவதே இல்லை. எழுதச் சொல்லிக் கேட்கும் பெற்றோர் உண்டு. மறுத்துவிடுவேன்.

போன வாரம் மிதப்பது, மூழ்குவது நடத்தினோம். வாளித் தண்ணீரில் பென்சில் மிதந்தது, சாவி மூழ்கியது. வண்ணக் களிமண் உருண்டையும் மூழ்கியது. அன்றைய வரி: 'அதே களிமண் எப்போது மிதந்தது?'

காலையில் பேத்தியை விட வந்த தாத்தா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "வீடெல்லாம் தண்ணி டீச்சர். கிண்ணம் மாதிரி பண்ணினா மிதக்கும்னு ஒரே பிடிவாதம். ரெண்டு தடவையும் முழுகிப்போச்சு. நிஜமாவே மிதக்குமா?"

பக்கத்தில் நின்ற பேத்தி என்னை முந்திக்கொண்டாள். "தாத்தா ஓரத்தை உசத்தவே இல்ல டீச்சர். சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாரு."