நேரு ஸ்டேடியத்திலிருந்து நேரு ஸ்டேடியத்துக்கு

2017 அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை கால்பந்து இந்தியாவில் நடந்தது. டெல்லி, கொல்கத்தா, குவாஹாட்டி, நவி மும்பை, கோவா, கொச்சி என்று ஆறு ஊர்களில் ஆட்டம். சென்னைக்கு ஒன்றுகூட இல்லை. இதை என் பெரியப்பாவால் தாங்கவே முடியவில்லை. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரம்பூர்வாசி அவர். வியாசர்பாடிப் பையன்கள் வெறுங்காலோடு பந்து உதைப்பதை வேடிக்கை பார்த்தே சாயங்காலங்களைக் கழித்தவர்.

"கடல் இருக்கு, கிரவுண்டு இருக்கு, வியாசர்பாடி இருக்கு. இன்னும் என்னடா வேணும் அவங்களுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. சரி, அவர்கள் நம் ஊருக்கு வரவில்லை என்றால் நாம் போவோம் என்று கொச்சிக்கு டிக்கெட் எடுத்தோம். அக்டோபர் 7, சனிக்கிழமை. ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம். மாலை 5 மணிக்கு பிரேசில் – ஸ்பெயின், இரவு 8 மணிக்கு வட கொரியா – நைஜர். நான் பிரேசிலுக்காகக் கிளம்பினேன். பெரியப்பா வட கொரியாவுக்காக.

அதற்குக் காரணம் இருந்தது. 1993-இல் சென்னையில் நேரு கோப்பை என்ற சர்வதேசக் கால்பந்துப் போட்டி நடந்தபோது நம் நேரு ஸ்டேடியம் புத்தம் புதுசு. அந்த வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது வட கொரியா. பெரியப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். "குள்ளக் குள்ளமா இருப்பானுங்க. ஆனா தொண்ணூறு நிமிஷமும் ஓடுவானுங்க. மூச்சு வாங்கி நான் பாக்கல" என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறார். "பிரேசிலை டிவியிலகூட பாத்துக்கலாம். கொரியாக்காரனை எங்க போய்ப் பாப்பே?" என்பது அவர் வாதம். மறுக்க முடியாது.

திருவனந்தபுரம் மெயிலில் இரவு சென்ட்ரலில் ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன். பயணத்தைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. பெரியப்பா தன்னுடைய ரயில்வே பாஸில் வந்தார். பெட்டி எந்த வருஷம் எந்த ஷெட்டில் தயாரானது என்று பக்கத்து பெர்த்காரருக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

கொச்சியில் மெட்ரோ ஜூன் மாதம்தான் தொடங்கியிருந்தது. ஸ்டேடியம் வழியாகப் போகும் பகுதியை அக்டோபர் 3 அன்று, அதாவது ஆட்டத்துக்குச் சரியாக நான்கு நாள் முன்பு திறந்திருந்தார்கள். ஸ்டேஷனில் பெயின்ட் வாசனை போகவில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். திருநங்கைகளுக்கும் அங்கே வேலை கொடுத்திருந்தார்கள். நம் ஊர் மெட்ரோ அப்போது சென்ட்ரலுக்கே வந்து சேரவில்லை என்பதைப் பெரியப்பா எனக்கு நினைவூட்டினார். இரண்டு தடவை.

மதியம் ஸ்டேடியம் இருக்கும் கலூரில் ஒரு சின்ன ஹோட்டலில் சாப்பாடு. மட்டை அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மத்திக் குழம்பு. தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பாக, சுடச்சுட ஒரு ஜக்கில் வருகிறது. பெரியப்பா டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சந்தேகமாகப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். பதிமுகம் என்ற மரத்தின் கட்டைச் சீவல் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் என்று பரிமாறியவர் சொன்ன பிறகுதான் குடித்தார். அப்புறம் நாலு டம்ளர்.

அந்த ஸ்டேடியத்துக்கும் ஜவஹர்லால் நேரு பெயர்தான். வெளியே எங்கு பார்த்தாலும் மஞ்சள். முதலில் அத்தனை பேரும் பிரேசில் ஜெர்சி வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நெருங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் அந்த ஊர் அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் ஜெர்சி! ஐஎஸ்எல் கால்பந்து லீக் சீசனுக்கு வாங்கிய அதே சட்டை, அதே மஞ்சள், கூடுதல் செலவில்லை. ஒருவர் முதுகில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, அதில் ஸ்கெட்ச் பேனாவால் மலையாளத்தில் நெய்மர் என்று எழுதியிருந்தார். வியர்வையில் 'ர்' மட்டும் கரைந்து இடுப்பு வரைக்கும் ஒழுகியிருந்தது. நான் அதே லீக்கில் ஆடும் நம் ஊர் அணியான சென்னையின் எஃப்சியின் நீலச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததை அப்போது புத்திசாலித்தனமாக உணர்ந்தேன்.

ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்திலேயே ஸ்பெயின் அடித்த பந்து பிரேசில் வீரர் வெஸ்லி மேல் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. அவ்வளவு மஞ்சளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. 25-ஆவது நிமிடம் லிங்கன் சமன் செய்தார். இடைவேளை விசிலுக்குக் கொஞ்சம் முன்னால் பாலினோ இன்னொன்று. கான்கிரீட் படிக்கட்டு கால் வழியாக அதிர்வது தெரிந்தது. இரண்டாம் பாதியில் கோல் இல்லை, 2–1. ஸ்பெயினுக்கு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஃபெரான் டோரஸ் பின்னாளில் கத்தார் உலகக் கோப்பையில் கோஸ்டாரிகாவுக்கு எதிராக 2 கோல் அடித்தபோது, "கொச்சியில பாத்த பையன்" என்று பெரியப்பா தெருவில் போன எல்லோரிடமும் சொன்னார்.

பிரேசில் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் எழுந்து போக ஆரம்பித்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள் காலி. பெரியப்பா உற்சாகமாக நான்கு வரிசை கீழே இறங்கி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, "இப்பதான்டா மேட்ச்" என்றார்.

நைஜருக்கு இந்த உலகக் கோப்பை முதல் தடவை. வட கொரியர்கள் பெரியப்பா சொன்னபடியேதான் ஓடினார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நைஜர் பையன்கள் பயப்படவே இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு கோல் போட்டு 1–0 என்று ஜெயித்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மலையாளி மாணவர்கள், பாதி ஆட்டத்தில் எந்தப் பக்கம் கத்துவது என்று முடிவு செய்து, நைஜர் நைஜர் என்று மேஜை தட்டுவதுபோல நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணக்கில் அன்றைய நல்ல ஆட்டம் இதுதான். பிரேசில் ஆட்டத்தில் ஜெயிப்பது யார் என்பதில் கூட்டத்துக்குத்தான் பதற்றம். இதில் களத்தில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் பதற்றம். பெரியப்பா வெளியே வரும்போது, "93 டீம் வேற" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. சில்லறைக் காசில் காயலைக் கடந்துவிடலாம். அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், வாஸ்கோ ட காமாவை 1524-இல் புதைத்த இடம் இருக்கிறது. எலும்புகளை 1539-இல் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகத் தோன்றியது கப்ராலின் கதை. 1500 ஏப்ரலில் பிரேசில் கரையில் இறங்கிய அதே போர்த்துகீசிய மாலுமிதான், அதே பயணத்தைத் தொடர்ந்து கோழிக்கோட்டுக்கு வந்து, அந்த ஊர் மன்னர் சாமூதிரியோடு மோதி, டிசம்பரில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். ஆக, பிரேசிலிலிருந்து கொச்சிக்கு வருவது 517 வருஷப் பழக்கம்! இதைப் பெரியப்பாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவர் கவனம் கரையோரச் சீன மீன்வலையில் இருந்தது.

அந்த வலையை இழுக்க நாலைந்து பேர் வேண்டும். மறுமுனையில் கயிறு கயிறாகக் கருங்கல் கட்டித் தொங்கவிட்டு எடையைச் சமன் செய்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்களையும் கயிற்றைப் பிடிக்க விடுகிறார்கள், பிறகு பக்குவமாகக் கையை நீட்டுகிறார்கள். பெரியப்பா முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு இழுத்தார். மேலே வந்தது கொஞ்சம் பொடி மீனும் நிறைய ஆகாயத்தாமரையும். பக்கத்துத் தட்டில் பெரிய வஞ்சிரம் ஒன்று இருந்தது. விலை கேட்டார்.

"காசிமேட்டுல இதுக்குப் பாதி" என்றார் தமிழில்.

"எங்கில் காசிமேட்டில் போய் வாங்கிக்கோ சேட்டா" என்றார் விற்றவர், அவருக்குத் தெரிந்த தமிழில். பெரியப்பா சிரித்துவிட்டு, அவர் சொன்ன விலையிலேயே முக்கால் கிலோ வாங்கினார். பக்கத்துக் கடையில் வறுத்துக் கொடுத்தார்கள். மிளகாய் கொஞ்சம் கம்மி.