காரின் கனம் தெரியணும்

நேற்று இரவு மறுபடியும் 'புல்லிட்' பார்த்தேன். 1968இல் வந்த ஹாலிவுட் படம். சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தத் துரத்தலில், வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜர் காரிலிருந்து நான்குக்கும் அதிகமான சக்கர மூடிகள் கழன்று விழுகின்றன, ஒரே பச்சை வோக்ஸ்வேகன் காரைத் திரும்பத் திரும்ப முந்துகிறார்கள். சரி, தப்புதான். ஆனால் மேட்டிலிருந்து கார் இறங்கி அமுங்கி எழும்போது அதன் கனம் எனக்கே வயிற்றில் தெரிகிறது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் செம்மண் பாதையில் மோட்டார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நாற்பதிலேயே வளைவில் பின்சக்கரம் வழுக்கும், தூசியில் முன்னால் ஒன்றும் தெரியாது. நம் படங்களில் கார் பறந்து விழுந்தும் கண்ணாடிகூட உடையாமல் ஓடுகிறதே, அப்போது எனக்குப் பயமே வருவதில்லை.