கல்லோடன்: எந்த ராஜாவுக்காக ஜெபிப்பது?

ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரிலிருந்து பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் கல்லோடன் போர்க்களம். புதர் மண்டிய பொட்டல்வெளி, முகத்தில் அறையும் காற்று, எதிரெதிரே இரண்டு வரிசைக் கொடிகள். நீலம் ஜாகோபைட் படை, அதாவது பட்டமிழந்த மன்னர் ஜேம்ஸின் வம்சத்துக்காகப் போராடியவர்கள், நின்ற இடம், சிவப்பு அரசுப் படை நின்ற இடம். நீலத்திலிருந்து சிவப்பை நோக்கி நடந்து பார்த்தேன். ஷூ சேற்றில் புதைகிறது. 1746 ஏப்ரல் 16 அன்று இதே சேற்றில், பீரங்கிகளுக்கு எதிரே, வாளோடு ஓடியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜாகோபைட்கள் சுமார் 1,500 பேர் செத்தார்கள். எதிர்த்தரப்பில் 50 பேர் அளவில்தான்.

இறந்தவர்களின் குலப் பெயர் பொறித்து 1881இல் நட்ட குலக்கற்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு டிவி தொடரின் புண்ணியத்தில் ஃப்ரேசர் குலத்தின் கல்லுக்கு மட்டும் தனி மவுசு.

இதை ஸ்காட்லாந்து, இங்கிலாந்து சண்டை என்றே பலரும் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. அரசுப் படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். இது பட்டம் யாருக்கு என்ற தகராறு, அதைவிட சர்ச்சுக்குள் நடந்த தகராறு.

1688இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டையும் ஆண்ட கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு ஆண் வாரிசு பிறந்ததும் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் மிரண்டு, ஹாலந்திலிருந்து வில்லியமை அழைத்தார்கள். வில்லியம் வேறு யாருமில்லை, ஜேம்ஸின் சொந்த மருமகன்! மாமனார் பிரான்ஸுக்கு ஓடினார், மருமகன் மன்னரானார். 1701இல் கத்தோலிக்கர் அரியணை ஏறக் கூடாது என்று சட்டமே வந்தது. 1714இல் ரத்த உறவில் நெருக்கமான ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தாண்டி, ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் ஜார்ஜுக்குப் பட்டம் போனது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் கேன்டர்பரி பேராயர் சான்கிராஃப்ட். ஜேம்ஸின் உத்தரவை எதிர்த்து மனுக் கொடுத்ததற்காக லண்டன் டவரில் அடைக்கப்பட்டவர். ஆனால் அதே ஜேம்ஸ் ஓடிய பிறகு, வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேன் என்றார். ஏற்கெனவே ஜேம்ஸுக்குச் சத்தியம் செய்தாயிற்றே! பதவி போனது. அவர் வழியில் இன்னும் சில பிஷப்புகளும் நூற்றுக்கணக்கான பாதிரியார்களும் வெளியேறினார்கள்.

ஸ்காட்லாந்தில் பிஷப்புகளும் ஜேம்ஸை விடவில்லை. வில்லியம் ஆட்சியில் அங்கே பிஷப்புகளே இல்லாத பிரஸ்பிட்டேரியன் சபை அரசு சபையானது. அதனால்தான் 1745இல் ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்ட் பட்டத்தை மீட்க ஸ்காட்லாந்தின் க்ளென்ஃபினனில் கொடி ஏற்றியபோது திரண்டவர்களில் கத்தோலிக்கரைவிட பிஷப்புகளை ஏற்கும் புராட்டஸ்டன்ட்களான எபிஸ்கோப்பல் சபையாரே அதிகம். கல்லோடன் தோல்விக்குப் பிறகு அடியும் அவர்களுக்குத்தான். ஜார்ஜ் மன்னர் பெயரைச் சொல்லி ஜெபிக்காத பாதிரியார், வீட்டாரைத் தவிர ஐந்து பேரைக் கூட்டி ஆராதனை நடத்தினாலே குற்றம்.

அப்புறம், 1788இல் சார்லஸ் ரோமில் இறந்தார். ஸ்காட்டிஷ் பிஷப்புகள் ஒருவழியாக ஜார்ஜுக்காக ஜெபிக்கச் சம்மதித்தார்கள். 1792இல் தடைகள் நீங்கின. பட்டத்துக்கு உரிமை கோர மிச்சமிருந்தவர் சார்லஸின் தம்பி ஹென்றி, ரோமில் ஒரு கார்டினல். பிரெஞ்சுப் படையெடுப்பில் சொத்தெல்லாம் போய் அவர் நொடித்தபோது ஆண்டுக்கு 4,000 பவுண்டு கொடுத்து ஆதரித்தவர், சாட்சாத் மூன்றாம் ஜார்ஜ்தான்.

போகிறவர்களுக்கு: அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட், களத்தில் நடக்க இல்லை. உள்ளே ஒரு சுவரில் ஜாகோபைட் தரப்பு, எதிர்ச்சுவரில் அரசுத் தரப்பு. முதலில் அதைப் பாருங்கள், பிறகு களத்தில் இறங்குங்கள். குடையை நம்பாதீர்கள், காற்று விடாது, மழைக்கோட்டுதான் சரி.