காலுக்குக் கீழே இருக்கும் இரும்பு

சர்க்கரை ஆலையில் மெயின்டனன்ஸ்காரனுக்குக் கண் இயந்திரத்தின் மேலேயே இருக்கும். எனக்கு அது போகப்போகத் தரைக்கு இறங்கிவிட்டது. அரவைப் பருவத்தில் மில் ஹவுஸ் நடைமேடையில் கரும்புச்சாறு தெறிக்கும், சக்கைத் தூள் படியும், பேரிங் எண்ணெய் சொட்டும். மூன்றும் கலந்தால் ஆற்றுப் பாசிப் பாறைதான்.

பழைய மேடைகள் எல்லாம் செக்கர்டு பிளேட், அதாவது மேலே புடைப்புகள் உள்ள இரும்புத் தகடு. புதுத் தகட்டின் புடைப்பு பூட்ஸை நன்றாகவே பிடிக்கும். ஆனால் சிந்தியது வடிய வழியில்லாமல் புடைப்புகளுக்கு நடுவே தேங்கிவிடும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் புடைப்பே தேய்ந்து பளபளக்கும். இதைவிடக் கொடுமை பெயின்ட். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் முதல் நாள் எனாமல் அடித்து மினுக்கிவிடுவார்கள். பூச்சுக்கு மேல் பூச்சு ஏற, புடைப்பின் விளிம்பு மழுங்கிவிடும். தளம், படி, நடைபாதை எதிலும் வழுக்கும் பொருள் கிடக்கக்கூடாது என்றது 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆவது பிரிவு. நாமோ வழுக்குவதைக் காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம்!

பிறகு சில மேடைகளில் பல் வெட்டிய கிரேட்டிங் போட்டார்கள். பட்டைக் கம்பிகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்தது. சாறும் எண்ணெயும் கீழே இறங்கிவிடும். பல் காலைப் பிடிக்கும். ஸ்பேனர் நழுவினாலும் கீழேதான் போகும், அங்கே ஆள் நிற்பார். "முட்டி போட முடியல சார்" என்று ஃபிட்டர்கள் சாக்கு விரிப்பார்கள். எண்ணெய் ஊறிய அந்தச் சாக்கை அங்கேயே விட்டுப் போனால் அதுவே அடுத்தவரை வழுக்கிவிடும். கேஸ் கட்டிங்கில் வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும்; துத்தநாக பெயின்ட் தடவாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அதிர்வில் கிளிப் கழன்று கிரேட்டிங் பலகை நகர்வது இன்னொரு தொல்லை. நான் குதிகாலால் ஒரு மிதி மிதித்துப் பார்க்காமல் அடுத்த அடி வைப்பதில்லை.

படிகளில் கதை வேறு. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் கால் தவறும். கிரேட்டிங் படியில் கீழே இருப்பதெல்லாம் தெரிவதால் படி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. முன்விளிம்பில் புடைப்புப் பட்டை வைத்து மஞ்சள் அடித்த படிகளில் கால் தயங்குவதில்லை. பெயின்ட் வேண்டிய இடம் அது.

உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கும் மேடைக்குத் தகட்டையே வைத்துக்கொண்டு, வடிய ஓட்டை போடுங்கள் என்பேன். சாறு சிந்தும் நடைபாதைக்குக் கிரேட்டிங். ஸ்டோரில் விலையைச் சொல்லி இழுப்பார்கள். ஆஃப் சீசனில் அந்தப் பேச்சு ஒவ்வொரு வருஷமும் நடக்கும்.